எருமைக்கு ஒரு கிளட்ச் பிளேட்

மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று உன் மாமா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறார். நாங்கள் நலம், நீ நலமா? ஆயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வண்டி, எருமை, படுத்துவிடும் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, தண்ணீர்த் தொட்டி வளைவில் இரண்டாவது கியர் போட்டு மிதிக்கிறேன், எஞ்சின் ஊரைக் கூட்டுகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அடியிலிருந்து கருகல் நாற்றம் வேறு. "யாரோ செருப்பைக் கொளுத்துறாங்க போல" என்றார் மாமா. செருப்பு இல்லை, கிளட்ச். பின்னால் இருபத்துநாலு கேஸ் சிலிண்டர். பாதியை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டு, மறுபடி இறங்கி வந்து ஏற்றினேன். என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

நீ சிறைக்குப் போனபோது மாமாவுக்கு வாரம் ஒரு நாள்தான் டயாலிசிஸ். இப்போது செவ்வாயும் வெள்ளியும். மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினொரு கிலோமீட்டர், பஸ் கீழ்ச் சந்திப்போடு திரும்பிவிடும் என்பது உனக்கே தெரியும். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒரு நாள் தவறினா தண்ணி உடம்புல தங்கும். ரெண்டு நாள் தவறினா மூச்சுக்கு வந்துடும்." எருமை ஓடினால்தான் அவர். இதை இன்னும் எப்படி அழுத்தி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் மூன்று பெட்டியை வரிசையாக வைத்தார். ஒன்று கம்பெனி கிளட்ச். இரண்டாவது மலை ரோட்டில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கென்று வருகிற கெட்டியான செட். பெடல் கொஞ்சம் கடினமாக இருக்குமாம். மூன்றாவது, பழைய தட்டில் புது லைனிங் ஒட்டியது. எதை வாங்கட்டும்? மூன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. நீ இருந்தால் பெட்டியை மோந்து பார்த்தே சொல்லியிருப்பாய்.

நீ இருந்த வரைக்கும் வருஷா வருஷம் நீயே கழற்றி, நீயே பிளேட் மாற்றி, கூடவே என்னையும் திட்டுவாய். "கிளட்ச் மேல காலை வெச்சே ஓட்டாதக்கா! எருமை மாட்டுக்குக் கூட சொன்னா புரியும்!" மறக்கவில்லை. இந்தப் பதினாலு மாதமும் சத்தியமாகக் காலை எடுத்தே ஓட்டினேன். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை ஆணியடித்து வைத்திருக்கிறேன். மாமா தன் போர்டு எழுதுகிற பிரஷ்ஷால் அதில் சிவப்பில் "கால் இங்கே" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அம்புக்குறியோடு. அப்படியும் போய்விட்டது. என் கால் ராசி அப்படி.

ஆகஸ்டில் நீ வந்துவிடுவாய். அதுவரைக்கும் தாங்குகிற மாதிரி ஒன்றைச் சொல். சீக்கிரம் எழுது.

அக்கா


மார்ச் 10, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எழுதலாம், அதுவும் ஒரே தாள். வருகிற கடிதம், போகிற கடிதம் இரண்டையும் ஒரு சார் படித்த பிறகுதான் கொடுப்பார். (சாருக்கு வணக்கம்.) அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

எதையும் இப்போது வாங்காதே. மூன்று பெட்டியில் எதுவும் வேண்டாம். முதலில் ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்து கியர் பாக்ஸைக் கீழே இறக்கு. பழைய தட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ. வண்டிப் புத்தகத்தைக் கொண்டு போகாதே. என்ன வண்டி, எந்த வருஷம் என்று கடைக்காரர் கேட்டாலும் சொல்லாதே. இந்தத் தட்டு மாதிரியே இன்னொன்று வேண்டும் என்று மட்டும் கேள். தட்டின் எண் ■■■■■■■■■. நடு ஓட்டையில் இருக்கிற பல் இப்படி இருக்க வேண்டும்:

■■■■■■■■
■■■■■■■■
■■■■■■■■

அகலம் ■■ அங்குலம். இதை மாற்றி எதையும் வாங்காதே அக்கா. ஏன் என்று கேட்காதே. வண்டியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நம்பு, அது போதும்.

அதுவரை சிலிண்டரைப் பாதி பாதியாக ஏற்று. வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிடு.

மாமாவின் கட்டையைப் பற்றிப் படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. உன் கால் ராசியைப் பற்றி நேரில் பேசுவோம்.

தம்பி


மார்ச் 16, சனி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பிரித்தால் பாதிக்கு மேல் மை. நீ எழுதிய எண்ணும் காணோம், வரைந்த படமும் காணோம், ஏதோ கரப்பான் பூச்சி மைக்கூட்டில் விழுந்து தாள் மேல் நடந்த மாதிரி இருக்கிறது. மாமா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தாளைத் திருப்பிப் போட்டு விரலால் தடவியும் பார்த்தார். "நல்ல மை, ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்காங்க" என்று தொழில் பாஷையில் சர்டிபிகேட் கொடுத்தார். அதுதான் மிச்சம்.

மை படாததைப் படித்தேன். கழற்றிவிட்டுக் கடைக்குப் போ என்கிறாய். எதில் போவது? கழற்றிய வண்டியிலா? வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்து வீட்டுக்கு வந்தால் மறுபடி செவ்வாய் காலை கிளம்ப வேண்டும். நடுவில் இருப்பது மூன்று நாள். அந்த மூன்று நாளில் இறக்கி, மாற்றி, ஏற்றியாக வேண்டும் என்றால் சாமான் முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். இது மெக்கானிக் மூளை இல்லை, சாதாரண மூளை. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

அதனால் நேற்றே வாங்கிவிட்டேன், உன் கடிதம் வருவதற்கு முன்னால். வண்டிப் புத்தகத்தைக் காட்டித்தான் வாங்கினேன். கடைக்காரர் தடியான பட்டியலைப் புரட்டி, வருஷத்தைப் பார்த்து, மாடலைப் பார்த்து, கெட்டியான செட்டை எடுத்து வைத்தார். தட்டு, அதை அழுத்துகிற மூடி, பேரிங், எல்லாம் ஒரே பெட்டிக்குள். "சிலிண்டர் ஏத்துறீங்க, மலை ஏறுறீங்க, இதுக்குக் கீழ எதையும் நான் உங்களுக்கு விக்க மாட்டேன்" என்றார். உன்னை மாதிரி "ஏன் என்று கேட்காதே" என்று சொல்லவில்லை. காரணத்தோடு சொன்னார்.

வரும் சனிக்கிழமை, 23ஆம் தேதி, தொப்பி மெக்கானிக் வருகிறார். சந்திப்பில் லாரி ரிப்பேர் பார்க்கிறாரே, அவர்தான். உனக்கு அவரைப் பிடிக்காது என்று தெரியும். யாரையும் உனக்குப் பிடிக்காது. நீ இருக்கும் வரை எருமையின் வயிற்றை வேறு யாரையும் தொட விட்டதில்லை. இப்போது நீ இல்லையே, நான் என்ன செய்ய?

கோபித்துக்கொள்ளாதே. மாமாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. செருப்பு வாரைத் தளர்த்திப் போட்டுக்கொள்கிறார்.

அக்கா


மார்ச் 24, ஞாயிறு

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை கையில் கிடைத்தது. அன்றைக்கே ஒரு தாள் கொடுங்கள் என்று சாரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை" என்றார். அவசரம் சார் என்றேன். "இங்க எல்லாருக்கும்தான் அவசரம்" என்றார். அவர் சொல்வதும் தப்பில்லை. என் அறையில் ஒருவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அவனும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் காத்திருந்தான்.

நேற்று சனி. இதை எழுதும்போது எருமையின் வயிறு திறந்திருக்கும். திறக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதி என்ன பயன்? நேற்று காலையிலிருந்து மனசுக்குள் கூடவே கழற்றிக்கொண்டிருந்தேன். இப்போது நட்டை இளக்கியிருப்பார், இப்போது கியர் பெட்டியைப் பின்னால் இழுத்திருப்பார், இப்போது புதுத் தட்டைத் தூக்கி வைத்துப் பார்த்திருப்பார் என்று. கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்பார்களே, இங்கே ஓடினாலும் எட்டு அடியில் சுவர்.

எண்ணை எழுத்தால் எழுதலாமா என்று கேட்டேன். அதற்கும் மைதானாம். எண்களை வரிசையாக எழுதினால் ரகசியச் செய்தி என்று சட்டம், படம் என்றால் அதைவிடப் பெரிய ரகசியம். கிளட்ச் பிளேட்டில் என்ன ரகசியம் சார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அக்கா, ஒன்றே ஒன்று சொல்கிறேன். தட்டு பொருந்தவில்லை என்றால் தொப்பியைத் திட்டாதே, கடைக்காரரைத் திட்டாதே, உன்னையும் திட்டிக்கொள்ளாதே. உன் கால் காரணம் இல்லை. எப்போதும் இல்லை. இதற்கு மேல் எழுத முடியாது.

மாமாவின் வீக்கம் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது.

தம்பி


மார்ச் 27, புதன்

டேய்,

அன்புள்ள என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை தொப்பி வந்தார். வண்டியைக் கல் மேல் ஏற்றி, அடியில் சாக்கை விரித்துப் படுத்து, மதியத்துக்குள் கியர் பெட்டியை இறக்கிவிட்டார். பழைய தட்டு கையில் வந்தது, லைனிங் எல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதுத் தட்டை எடுத்து உள்ளே நீட்டினார். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்துகொண்டு ஒரு பீடி பற்ற வைத்தார். நான் அவரை இந்தப் பத்து வருஷத்தில் தொப்பி இல்லாமல் பார்த்ததே இல்லை.

"என்னங்க?" என்றேன்.

"புதுத் தட்டுல பத்துப் பல்லு. உள்ள இருக்கிற ஷாஃப்ட்ல இருபத்தோரு பல்லு. இது இந்த வண்டியோட கியர் பாக்ஸே இல்லம்மா."

"அப்படின்னா?"

"ஏதோ வேனோட பாக்ஸ். கிளட்ச் தட்டு ஒட்டிப் பிடிக்கிற பிளைவீலும் வேனோடது, சின்னது. ஆளை ஏத்துற வண்டிக்குப் போடுற கிளட்ச்சை வெச்சு நீங்க சிலிண்டர் ஏத்திட்டிருந்திருக்கீங்க. வழுக்காம என்ன செய்யும்? வருஷத்துக்கு ஒண்ணு முழுங்குமே!"

வருஷத்துக்கு ஒன்று. அந்த இடத்திலேயே நான் சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷம்டா. நாலு வருஷம் நான் என் இடது காலைச் சந்தேகப்பட்டேன். கட்டை அடித்து வைத்தேன். மாமா அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். நீ சிரித்தாயா உள்ளுக்குள்?

பெட்டியின் எண்ணைப் பார்த்துச் சொன்னால் கடைக்காரர் சரியான தட்டை வரவழைப்பார் என்று தொப்பி துடைத்துப் பார்த்தார். எண் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரம் போட்டு ராவி வழவழ என்று வைத்திருக்கிறார்கள். பழைய தட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குவாரிக் கல் லாரியில் கடைக்குப் போனேன். இருபத்தோரு பல்லில் ஐந்து வேன் இருக்கிறதாம், ஒவ்வொன்றுக்கும் தட்டின் கனம் வேறு. "எந்த வேன், எந்த வருஷம்னு சொல்லுங்கம்மா. வர ஒரு வாரம் ஆகும். தப்பா வந்தா இன்னொரு வாரம்" என்றார். ஐந்து வாரமா நான் குலுக்கல் போட்டு விளையாட?

நேற்று செவ்வாய். போகவில்லை. லாரி வரவில்லை. இரண்டு மணி நேரம் அவரை ரோட்டோர நாற்காலியில் உட்கார வைத்துக் காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். கால் இரண்டும் தூண் மாதிரி இருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்குகிறார். காலையில் என்னிடம், "என்னை விட்டுட்டு எருமையைப் பாரு, அதுக்குத்தான் இப்ப ஆபரேஷன் நடக்குது" என்றார். சிரிக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

அது எந்த வேன்? எங்கிருந்து வந்தது? எண்ணை யார் ராவியது? உனக்கு மட்டும்தான் தெரியும். மழுப்பாமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 3, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

இது புதன்கிழமை எழுதுகிற கடிதம். சார் அவர் மேஜையிலேயே உட்கார வைத்து, அவர் பேனாவையே கொடுத்திருக்கிறார். இதில் மை பூச மாட்டார். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் எனக்கு வருவதற்கு முன்னால் அவருக்கு வந்தது. எண்ணை ராவியிருக்கிறது என்ற வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். நேற்று கூப்பிட்டனுப்பினார். "இது என்னப்பா?" என்றார். நான் உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். மாமா உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்ற இடம் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதை எழுதி வாங்கிக்கொண்டு, "இனி இதுல என்ன ரகசியம், அக்காவுக்கு எழுது" என்றார். நீ எழுதியதால்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைக்காதே. நான் முதலிலேயே சொல்லியிருந்தால் நீ எழுத வேண்டியே வந்திருக்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்கு முதல் முறை உடம்பு முடியாமல் நீங்கள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்களே, அப்போது எருமையைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனாய். மூன்றாம் நாள் எடுத்தேன். கார்களைப் பிரித்துச் சாமானாக விற்கிற ஒரு ஷெட்டுக்கு எஞ்சின் ஏற்றிப் போனேன். தண்ணீர்த் தொட்டி வளைவில் பின்னால் உருண்டு பாலச் சுவரில் இடித்தது, பாக்ஸ் இரண்டாகப் பிளந்தது. நீங்கள் வர ஏழு நாள் இருந்தது. ஷெட்காரர் தன்னிடம் இருந்த ஒரு வேனின் பாக்ஸையும் பிளைவீலையும் கொடுத்தார். எண்ணை நான்தான் ராவினேன். திருட்டு வேன் என்று தெரிந்தே ராவினேன். அதற்கு ஈடாக அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன், அப்படியே உள்ளே இழுத்துவிட்டது. நான் இங்கே இருப்பது ஷெட்டுக்காக. ஷெட்டுக்குப் போனது எருமைக்காக.

சின்ன கிளட்ச் வருஷத்துக்கு ஒரு தடவை தேயும் என்று எனக்குத் தெரியும். நீ ஏன் என்று கேட்பாயே என்று பயந்து, முதல் தடவை வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: உன் கால். நீ நம்பிவிட்டாய். நம்பாமல் என்னோடு சண்டை போட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

முன்னால் எழுதிய கடிதங்களில் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் எருமையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மாமாவை யார் கூட்டிப் போவது என்பதுதான். இப்போதும் எடுப்பார்கள். பேப்பர் மேலே போய்க் கீழே வர மூன்று நான்கு வாரம் ஆகும் என்கிறார் சார். அதுவரை ஓட்டு.

இப்போது கவனமாகப் படி. சின்ன கிளட்ச்சே வாங்கினாலும் ஒரு மாதம் ஓடும். வேண்டாம். இந்த ஒரு தடவையாவது சரியானதைப் போடுவோம். எருமையின் சொந்த பிளைவீலை நான் விற்கவில்லை. மாமா போர்டு காய வைக்கும்போது காற்றில் பறக்காமல் பாரத்துக்கு வைப்பாரே, வட்டமான இரும்பு, அதுதான். சுற்று விளிம்பில் பல் பல்லாக இருக்கும். பெயிண்டைச் சுரண்டி, பட்டறையில் கொடுத்து முகத்தை ஒரு தடவை சீவச் சொல். நீ வாங்கிய கெட்டியான செட்டில் மூடியும் பேரிங்கும் அப்படியே பயன்படும். தட்டு மட்டும் வேறு வேண்டும். அந்த வேனையே நீளமாகச் செய்து ஆம்புலன்ஸாக ஓட்டுகிறார்களே, அதன் தட்டு. பத்து அங்குல அகலம், இருபத்தோரு பல். கடைக்காரரிடம் "ஆம்புலன்ஸ் தட்டு" என்றால் தெரியும். எண்: 4 1 7 2 2 1 0. படம் கீழே வரைந்திருக்கிறேன். சாரே ஸ்கேல் கொடுத்தார்.

ஆகஸ்டில் நான் வர மாட்டேன். எவ்வளவு கூடும் என்று இன்னும் தெரியாது.

மாமாவிடம் என்ன சொல்வாயோ, சொல்.

தம்பி


ஏப்ரல் 29, திங்கள்

தம்பிக்கு,

உன் படத்தைக் கடைக்காரர் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். "வரைஞ்சவர் யாரும்மா? இங்க வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார். வெளியூரில் இருக்கிறான் என்றேன்.

தட்டு வர எட்டு நாள். அதுவரை கல் லாரி டிரைவர் கையைக் காலைப் பிடித்து மாமாவைக் கொண்டு போனேன். லாரியில் ஏறப் படி உயரம். டிரைவர் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தள்ள, அவர் நடுவில் "பார்த்து, பார்சல் லேபிள் கிழிஞ்சிடப் போவுது" என்பார். ஒரு செவ்வாய் மறுபடி தவறியது. அந்த வாரம் இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். திரும்பி வந்தவர் பழைய ஆள் இல்லை. ஒரு வார்த்தை பேசிவிட்டு அடுத்த வார்த்தைக்கு மூச்சு வாங்குகிறார். பிரஷ் பிடித்தால் எழுத்து கோணிப் போகிறது.

பிளைவீல் விஷயத்தைச் சொன்னதும் மாமா அந்த வட்ட இரும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நாலு வருஷமா எருமையோட நெஞ்சு மேல நான் போர்டு காய வெச்சிருக்கேனா" என்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபமா என்று கேட்டேன். "அவன் பயந்தவன். பயந்தவன் மேல எவ்வளவு நேரம் கோபப்படுறது" என்றார். நான் அப்படி இல்லை. நான் இன்னும் படுகிறேன்.

தொப்பி மாட்டிக் கொடுத்தார். இருபத்துநாலு சிலிண்டரோடு தண்ணீர்த் தொட்டி வளைவில் ஏறினேன். வழுக்கவே இல்லை. பெடல் கொஞ்சம் கடினம்தான், ஆனால் காலை எடுத்ததும் கப்பென்று பிடிக்கிறது. வீடு வந்ததும் இறங்காமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். அழுதது மாமாவுக்காகவும் இல்லை, உனக்காகவும் இல்லை. என் காலுக்காக. நீ திருட்டுப் பாக்ஸ் போட்டதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஒரு தப்பும் செய்யாத என் கால் மேல் பழி போட்டாயே, அதை மட்டும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நல்ல கிளட்ச் ஒன்பது நாள் ஓடியது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு அதிகாரிகள் காத்திருந்தார்கள். பேப்பரைக் காட்டினார்கள். மாமா உள்ளே மெஷினில் இருந்தார். "நாலு மணி நேரம் ஆகும் சார், அவரை வீட்டுல விட்டுட்டு எடுத்துக்கோங்க" என்றேன். நல்ல மனிதர்கள்தான், காத்திருந்தார்கள். ஒருவர் எங்களோடு முன்னால் உட்கார்ந்தார், இன்னொருவர் பின்னால் காலி சிலிண்டர்களோடு நின்றுகொண்டு வந்தார். வேறு எந்த வழியாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். வீடு வந்துவிட்டது, வழி வரவில்லை.

மாமாவை இறக்கி, சிலிண்டரை இறக்கி, அவருடைய தலையணையை சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். முன்னால் உட்கார்ந்து வந்தவர் ஸ்டார்ட் செய்தார். மூன்று தடவை குலுங்கி நின்றது. நாலாவது தடவை நகர்ந்தது, ஆனால் அவர் கிளட்ச்சில் காலை வைத்தபடியே சரிவில் இறக்கிக்கொண்டு போகிறார். எனக்குத் தாங்கவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். "சார்! கிளட்ச் மேல காலை வெச்சே ஓட்டாதீங்க சார்! பக்கத்துல கட்டை இருக்கு பாருங்க, எழுதியே இருக்கும்!" என்று கத்தினேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, காலை எடுத்து அதில் வைத்தார். எருமை சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று.

இனி செவ்வாய் வெள்ளிக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. குவாரியில் வேலை நின்றுவிட்டது, கல் லாரி இந்த வாரத்திலிருந்து வராது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை கேட்டிருக்கிறேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். நீ யோசித்து ஏதாவது எழுதாதே. எழுதினால் ஞாயிற்றுக்கிழமை எழுதுவாய், வெள்ளிக்கிழமை வரும்.

மாமா வழக்கம்போலப் பையை எடுத்து வைத்துவிட்டார். போர்வை, தண்ணீர் அளந்து குடிக்கிற சின்ன டம்ளர், ரேடியோ. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதில் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. நாளைக்குச் செவ்வாய்.

அக்கா